கணினி ஏன் மெதுவாகிறது? ஃபைல்களை அழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது ஃபைல்களில்தான். பழைய போட்டோக்களை அழிப்போம், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஐகான்களை ஒழிப்போம், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வோம். அரைநாள் போய்விடும். எல்லாம் முடித்து ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் அதே ஆமை வேகம்.

டிஸ்க்கில் சும்மா கிடக்கும் ஒரு ஃபைல் கணினியின் வேகத்தைக் குறைப்பதில்லை. திறந்தே பார்க்காத பத்தாயிரம் போட்டோக்கள் இருந்தாலும் அவை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, கணினியிடம் வேலை எதையும் கேட்பதில்லை. வேகத்தைத் தின்பவை அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள். அதனால் கணினியை ஒழுங்குபடுத்துவதை இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. தேவையில்லாமல் ஓடுவதை நிறுத்துவது ஒன்று, தேவையில்லாமல் கிடப்பதை அகற்றுவது இன்னொன்று. முதல் வேலை வேகம் தரும். இரண்டாவது இடம் தரும். டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் மட்டும் கொஞ்சம் வேகமும் தரும்.

எங்கே அடைக்கிறது?

கணினியின் வேகத்தை மூன்று பாகங்கள் தீர்மானிக்கின்றன. ப்ராசசர் கணக்கு போடுகிறது. டிஸ்க், உங்கள் ஃபைல்களையும் புரோகிராம்களையும் கரண்ட் போனாலும் அழியாமல் வைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ரேம். டிஸ்க் என்பது பரண் என்றால், ரேம் நாம் வேலை செய்யும் மேசை. எந்தப் புரோகிராமைத் திறந்தாலும் அது பரணிலிருந்து மேசைக்கு வந்தாக வேண்டும்.

மேசை நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் பெரும்பாலான தொல்லைகளின் வேர் இருக்கிறது. ரேம் போதவில்லை என்பதற்காக விண்டோஸ் உங்கள் புரோகிராம்களை மூடிவிடாது. கொஞ்ச நேரமாகத் தொடாமல் இருக்கும் பகுதிகளை எடுத்து, டிஸ்க்கில் பேஜ்ஃபைல் என்று ஒதுக்கிவைத்திருக்கும் இடத்துக்கு மாற்றும். நீங்கள் அந்தப் புரோகிராமுக்குத் திரும்பினால் அங்கிருந்து மறுபடி ரேமுக்குக் கொண்டுவரும். ரேமில் உள்ள தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ வினாடி ஆகும். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கில் அதே வேலைக்கு ஏறக்குறைய 10 மில்லி வினாடி. கேட்க இரண்டுமே அற்ப நேரம்தான், ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல ஒரு லட்சம் மடங்கு. பிரவுசரிலிருந்து வேறொரு புரோகிராமுக்குத் தாவும்போது திரை உறைந்து நின்று, மவுஸ் முனையில் வட்டம் சுற்றுகிறதே, அப்போது பெரும்பாலும் நடப்பது இந்தப் போக்குவரத்துதான்.

ஆக, கணினி திணறும்போது கேட்க வேண்டிய கேள்வி, "எதை அழிக்கலாம்?" என்பதைவிட, "இந்த மூன்றில் எது அடைக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரைப் படிப்பது எப்படி?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாக வந்தால் அடியில் உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'ப்ராசசஸ்' பக்கத்தில் அப்போது ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரியும். வலப்பக்கம் சிபியு (ப்ராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க், நெட்வொர்க் என்று பத்திகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சதவீதம். கணினி திணறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இதைப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடும்போது திறந்து பார்த்துப் பயனில்லை.

தலையில் சிபியு 12%, மெமரி 93%, டிஸ்க் 100% என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிஸ்க் 100% என்றதும் இடம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் ஃபைல்களை அழிக்க ஓடுவார்கள். அந்த எண் நிரம்பியிருக்கும் அளவைச் சொல்வதில்லை. டிஸ்க் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பாதி காலியாக இருக்கும் டிஸ்க்கும் 100% காட்டும். இப்போது 'மெமரி' என்ற தலைப்பை ஒரு முறை க்ளிக் செய்யுங்கள். அதிகம் தின்பவை மேலே வரும். பிரவுசர் மட்டும் 3 ஜிபி, அதன் கீழே வீடியோ மீட்டிங் புரோகிராம், அதற்கும் கீழே நீங்கள் இன்று திறக்கவே திறக்காத ஏதோ ஒன்று. படம் தெளிவாகிவிட்டது: ரேம் போதாமல் பேஜ்ஃபைலுக்குப் போவதும் வருவதுமாக இருப்பதால்தான் டிஸ்க் மூச்சுத் திணறுகிறது. இங்கே எத்தனை போட்டோக்களை அழித்தாலும் ஒரு மாற்றமும் வராது. திறந்து கிடப்பவற்றை மூடினால் உடனே வரும்.

சிபியு மட்டும் 90%-க்கு மேல் நின்று மற்ற இரண்டும் அமைதியாக இருந்தால் கதை வேறு. சிபியு தலைப்பை க்ளிக் செய்து, முதலில் வருவது யார் என்று பாருங்கள். 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று இருந்தால் அது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் ஸ்கேன் செய்வது. சற்று நேரத்தில் அடங்கிவிடும். உங்களுக்குத் தெரியாத பெயர் மணிக்கணக்கில் உச்சியிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். அடுத்தவர் கணினியில் ரகசியமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸ்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஒன்று ஓட விடுங்கள்.

சிபியுவும் மெமரியும் குறைவாக இருக்க, டிஸ்க் மட்டும் எப்போதும் 100%-இல் நிற்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அப்டேட் இறங்கும்போது இது சகஜம். எந்நேரமும் அப்படியே இருந்து, கூடவே டிக் டிக் என்ற சத்தமும் வந்தால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றே முக்கியமான ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்று ஒன்று 95 என்ற எண்ணோடு நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ப்ராசசர் 95% நேரம் சும்மா இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதேபோல, மெமரி 60 அல்லது 70 சதவீதம் என்று இருந்தால் கவலை இல்லை. காலியாக வைத்திருக்கும் ரேமால் யாருக்கும் லாபம் கிடையாது. அடிக்கடி தேவைப்படுபவற்றை விண்டோஸ் முன்கூட்டியே அதில் எடுத்துவைக்கிறது, இடம் தேவைப்படும்போது தானே விட்டுக்கொடுக்கிறது. 'ரேமைச் சுத்தம் செய்கிறேன்' என்று வரும் புரோகிராம்கள் செய்வது அப்படி எடுத்துவைத்ததை வெளியே தள்ளுவதைத்தான். எண் குறையும், வேகம் கூடாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை ஆக்டிவிட்டி மானிட்டர் செய்யும். அதில் மெமரி பக்கத்தின் அடியில் ஒரு வரைபடம் இருக்கும். பச்சையாக இருந்தால் நிம்மதி. மஞ்சளும் சிவப்பும் வந்தால் ரேம் நெருக்கடி.

கேட்காமலே ஓடுபவை

புது கணினியில் நாம் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்துகொண்டே போகிறோம். அவற்றில் பல, கணினி ஆன் ஆகும்போதே தானும் எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. கேம் லாஞ்சர், மியூசிக் புரோகிராம், பிரிண்டரோடு வந்த உதவிப் புரோகிராம், எப்போதோ ஒரு மீட்டிங்குக்காகப் போட்டது. ஒவ்வொன்றும் தன்னளவில் சின்னதுதான். பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் ஆன் ஆகும் நேரம் இழுக்கும், ரேமிலும் ஒரு பங்கு நிரந்தரமாகப் போய்விடும்.

டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு புரோகிராமும் கணினி ஆன் ஆவதை எவ்வளவு பாதிக்கிறது என்று, 'ஹை', 'மீடியம்', 'லோ' என எழுதியிருக்கும். வேண்டாததை ரைட் க்ளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் புரோகிராம் அழிவதில்லை. நீங்கள் கூப்பிடும்போது வரும், கூப்பிடாமல் வராது, அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், லேப்டாப்பின் டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தொடாமல் விடுங்கள். கணினியை வேகமாக்கச் செய்யக்கூடிய காரியங்களில் செலவில்லாமல் அதிக பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதிக்குள் 'லாகின் ஐட்டம்ஸ்' என்று இருக்கும்.

இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது. "நான் தினமும் ஷட் டவுன் செய்கிறேனே" என்பார்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி பெரும்பாலான கணினிகளில் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது. அது இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், திறந்திருக்கும் புரோகிராம்கள் மூடப்படும்; விண்டோஸின் மையப் பகுதி மட்டும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எழுப்பப்படும். நாள்பட்ட சிக்கல் ஏதாவது அங்கே இருந்தால் அதுவும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சந்தேகம் இருந்தால் டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்து 'அப் டைம்' என்பதைப் பாருங்கள். தினமும் இரவில் அணைக்கும் கணினி, பல நாட்களாகத் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும்.

அப்புறம் பிரவுசர். இன்று வீட்டுக் கணினியில் ரேமை அதிகம் எடுப்பது பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு டேபும் கிட்டத்தட்ட தனிப் புரோகிராம் மாதிரி ஓடுகிறது. குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் பிரவுசருக்கென்றே ஒரு டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சின்னப் புரோகிராம்) எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று பெயரோடு தெரியும். எக்ஸ்டென்ஷன்களைப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எப்போதோ ஒரு கூப்பனுக்காகச் சேர்த்தது, திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்து வேலை செய்துகொண்டிருக்கும். பயன்படுத்தாதவற்றை நீக்கிவிடுங்கள். குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இரண்டும் கொஞ்ச நேரம் தொடாத டேப்களைத் தூங்கவைக்கும். அவை ஆனில் இருக்கட்டும். பிரவுசரின் கேஷை அடிக்கடி அழிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஒரு தளத்தின் படங்களை மறுபடி இறக்காமல் இருக்கத்தானே கேஷ்? அதை அழித்தால் அடுத்த முறை பக்கம் மெதுவாகத்தான் திறக்கும். ஒரு தளம் கோளாறாகத் தெரியும்போது அழித்துப் பார்த்தால் போதும்.

இடம் எப்போது வேகத்தைப் பாதிக்கும்?

சி டிரைவ் நிரம்பி வழியும்போது. பேஜ்ஃபைல் வளர இடம் வேண்டும், அப்டேட் இறங்கி விரிய இடம் வேண்டும். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால் புதிதாக எழுதும் முன் உள்ளுக்குள் பழையதை ஒதுக்கித் தயார் செய்துகொள்ளவும் கொஞ்சம் காலியிடம் தேவை. விளிம்பு வரை நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும் வேகத்தில் நன்றாகவே தடுமாறும். 15 அல்லது 20 சதவீதம் காலியாக வைத்திருந்தால் கவலை இல்லை.

அழிப்பதற்கு முன் பேக்கப். போனவை திரும்பாது என்பதை மனதில் வைத்து, குடும்ப போட்டோக்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், வேலை சம்பந்தப்பட்டவை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கிலும், முடிந்தால் கிளவுடிலும் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்ட்ரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: கணினியில் அந்த ஃபோல்டருக்குள் அழித்தால் கிளவுடிலும் அழியும். அது பிரதி, பெட்டகம் கிடையாது. அதனால் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் கட்டாயம்.

சரி, இனி அழிக்கலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் 'ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதற்குள் பழைய அப்டேட் மிச்சங்கள், தம்ப்நெய்ல்கள் எல்லாம் பட்டியலாக இருக்கும். டிக் செய்து நீக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாம் மொத்தமாகப் போய்விடும். டிக்கை எடுத்துவிட்டு, டவுன்லோட்ஸைத் தனியாகத் திறந்து, அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். இன்ஸ்டால் செய்து முடித்த பிறகும் கிடக்கும் செட்அப் ஃபைல்கள், விரித்த பிறகும் வைத்திருக்கும் ஜிப்கள், ஒரே பிடிஎஃப் 1, 2, 3 என்ற எண்களோடு பல முறை. நூறு சின்ன ஃபைல்களோடு மல்லாடுவதைவிட நாலு பெரிய வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றுவது அதிக இடம் தரும். எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் வின்டிர்ஸ்டாட் (WinDirStat) என்ற இலவச புரோகிராம் டிஸ்க் முழுவதையும் வண்ணக் கட்டங்களாக வரைந்து காட்டும். பெரிய கட்டம் பெரிய ஃபைல்.

புரோகிராம்களை 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' வழியாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் எதையும் தொட வேண்டாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்று பல ஜிபிக்கு ஒரு ஃபோல்டர் தெரியும். பழைய பதிப்புக்குத் திரும்புவதற்கான சேமிப்பு அது, வழக்கமாக 10 நாளில் தானே போய்விடும்.

கிளீனர்கள்

ஒரே க்ளிக்கில் வேகம் என்று விளம்பரம் வரும் புரோகிராம்களை வேண்டாம் என்றே சொல்வேன். அவையும் ஸ்டார்ட்அப்பில் உட்காரும், ரேம் எடுக்கும், '842 பிழைகள்' என்று பயமுறுத்திக் காசு கேட்கும். விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் சில பழைய வரிகளால் வேகம் குறைவதில்லை. தவறான வரியை அழித்துவிட்டால் விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. பெயர் பெற்ற புரோகிராம்களும் ஆபத்துக்கு விலக்கு இல்லை. 2017-இல் சிசிகிளீனர் என்ற பிரபல கிளீனரின் 5.33 பதிப்புக்குள் வெளியாட்கள் வைரஸைச் செருகிவிட, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. ஆன்டிவைரஸும் ஒன்று போதும். இரண்டு இருந்தால் ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு பேரும் சோதிப்பார்கள்.

டிஃப்ராக் செய்வதும், அதாவது டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்ப்பதும், இப்போது நம் வேலை இல்லை. விண்டோஸ் வாரம் ஒரு முறை தானே பார்த்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க் என்றால் சிதறியதைச் சேர்க்கும். எஸ்எஸ்டி என்றால் அழித்த இடங்கள் எவை என்று அதற்குச் சொல்லிவிடும்.

இதற்கு மேலும் மெதுவாக இருந்தால்

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே எஸ்எஸ்டி அல்லது எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று எழுதியிருக்கும். பழைய லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். தட்டு சுற்றி வரும் வரை அதன் முள் காத்திருக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடப்பதைப் படிக்கச் சொன்னால் வினாடிக்கு நூறு முறைகூடத் தேறாது. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லாததால் அதே வினாடியில் பல ஆயிரம் முறை படிக்கும். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் பல வருடப் பழைய கணினிகூட ஆள் மாறியது போல் ஓடும். செலவு செய்வதாக இருந்தால் முதல் செலவு இதற்கு. அடுத்தது ரேம்: விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று சொன்னாலும் 8 இல்லாமல் நிம்மதியாக வேலை செய்ய முடியாது, 16 இருந்தால் தாராளம். மெல்லிய லேப்டாப் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்கும்போது வேகமாக இருந்து, அரை மணி நேரத்தில் ஃபேன் இரைச்சலோடு மந்தமானால் காரணம் சூடு. ப்ராசசர் ஏறக்குறைய 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் அடியில் உள்ள காற்று வழி அடைபடும். டெஸ்க்டாப் என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். பிடிக்காமல் அடித்தால் இறக்கை கன்னாபின்னாவென்று சுழன்று பேரிங் கெடலாம்.

அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள், கணினி ஏற்றுக்கொண்டால், 11-க்கு மாறுவதே பாதுகாப்பு.

எதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் விண்டோஸை ரீசெட் செய்யலாம். செட்டிங்ஸில் 'ரெக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து, 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சொந்த ஃபைல்கள் நிற்கும், நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் போய்விடும். தொடங்கும் முன் பேக்கப் எடுத்துவிட்டு, மறுபடி வேண்டிய புரோகிராம்களின் பெயர்கள், காசு கொடுத்து வாங்கியவற்றின் லைசென்ஸ் எண்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் கைவசம் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம், நடுவில் அணையக் கூடாது.